நான்கு போயாவும் ஒரு தூண்டிலும்

சீதாலட்சுமியின் கணவர் சுந்தரலிங்கம் தமது நாற்பத்தாறாவது வயதில் மீன்பிடிக்காரர் ஆனார். அதற்காக அவர் மீன் எதுவும் பிடிக்கவில்லை. தூண்டில் ஒன்று கைக்கு வந்து சேர்ந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

கஹவத்தையிலிருந்து நாலு மைல் உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸில் அவர் இரண்டாவது கிளாக்கர். எழுபதாம் ஆண்டு, தோட்டத்தின் கடைசி வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பும்போது, பங்களாவில் இருந்த சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போனார். பெரிய கிளாக்கருக்குச் சுவர்க்கடிகாரம் கிடைத்தது. ரப்பர் மேக்கருக்கு ரேடியோ. பங்களாவில் சமைத்த அப்புவுக்குக்கூட ஒரு கம்பளிக் கோட்டு. வரிசையில் கடைசியாக நின்ற சுந்தரலிங்கத்துக்கு மிஞ்சியிருந்தது ஒரு கித்தான் பை. அதற்குள் மூன்று துண்டாகக் கழற்றி வைத்த தூண்டில் கம்பு, நூல் சுற்றிய சக்கரம், தகரப் பெட்டி ஒன்று, தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று. துரை அவர் தோளில் தட்டி, மேலே மலையில் ஏரிகள் இருக்கின்றன, அவற்றில் ட்ரவுட் மீன் இருக்கிறது, ஒருநாள் போய்ப் பார் என்று சொன்னார். ரேடியோ முடிந்துவிட்டதே என்ற சங்கடத்தில் சொல்லியிருப்பார். சுந்தரலிங்கம் அதை ஒரு மரணசாசனம்போல எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

தகரப் பெட்டிக்குள் பொய் ஈக்கள் இருந்தன. கோழி இறகையும் பட்டுநூலையும் கொக்கியில் சுற்றிச் செய்தவை. சுந்தரலிங்கம் அவற்றின் இங்கிலீஷ் பெயர்களைப் புத்தகத்தில் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். சீதாலட்சுமி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இதில் மீன் தின்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டாள். ஒன்றுமில்லை, அதுதான் விசேஷம் என்றார் அவர். இந்த மீன் மரியாதைப்பட்ட மீனாம். புழுவுக்கு வருவது மற்ற மீன்களாம். வயிற்றுக்கு ஒன்றும் கிடைக்காத இடத்தில் வாயைத் திறப்பதுதான் மரியாதை என்பதை அவள் அன்றைக்குத் தெரிந்துகொண்டாள்.

அவர்கள் குடியிருந்த கோட்டர்ஸ் முன்னால் இருந்த புல்தரையில் பயிற்சி தொடங்கியது. கையைக் கடிகார முள்போலப் பத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் ஆட்ட வேண்டும் என்று புத்தகம் சொன்னது. முதல் நாள் கொடியில் காய்ந்த பாவாடை மாட்டியது. இரண்டாம் நாள் பெரிய கிளாக்கர் வீட்டுச் சேவல். மூன்றாம் நாள் அவருடைய சொந்தக் காது. காதிலிருந்து கொக்கியைக் கழற்றுவதற்காகத் தோட்டத்து டிஸ்பென்சர் மயில்வாகனம் மருந்துப் பெட்டியோடு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்த தனிக்கட்டை. கழற்றி முடித்தவர் திரும்பிப் போகவில்லை. தூண்டிலை வாங்கிப் பார்த்தார், புத்தகத்தைப் புரட்டினார், தேத்தண்ணி குடித்தார். மறுநாள் மாலையும் வந்தார்.

மூன்றாவது ஆள் ஜமால்தீன். கஹவத்தை பஸாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். தூண்டிலுக்கு நூல் கேட்டுப் போன சுந்தரலிங்கத்திடம், நூல் இல்லை, ஆனால் வேன் இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று மாலையாவது மூவரும் கோட்டர்ஸில் கூடினார்கள். சீதாலட்சுமி தேத்தண்ணி ஊற்றினாள்.

மூவரில் ஒருவரும் பலாங்கொடைக்கு மேலே போனதில்லை. மயில்வாகனம் மட்டும் ஒருமுறை தியத்தலாவைக்குப் போயிருக்கிறார், ரயிலில், தூங்கிக்கொண்டு. அந்த அனுபவத்தை வைத்து அவர்தான் படம் வரைந்தார். படத்தில் இரண்டு ஏரிகளும் ஒரு மலையும் இருந்தன. பாதைக்கு இடம் போதவில்லை. மீன்பிடிக்க அனுமதி கேட்டு ஒரு கழகத்துக்குக் கடிதம் எழுதினார்கள். ஆபீஸ் டைப்ரைட்டரில் மூன்று தடவை அடித்து, மூன்றாவதை அனுப்பினார்கள். பதிலுக்கு ஓர் அச்சடித்த படிவம் வந்தது. எந்த ஏரி, எந்த வகை ஈ என்று எழுதச் சொல்லியிருந்தது. எந்த வகை ஈ என்பதிலேயே இரண்டு மாலை போயிற்று. எந்த ஏரி என்ற கேள்வியை மரியாதையாகத் தாண்டிவிட்டார்கள்.

மீனை என்ன செய்வது என்பதிலும் கருத்து வேறுபாடு இருந்தது. மயில்வாகனம் சொதி வைக்க வேண்டும் என்றார். ஜமால்தீன் மிளகு போட்டுப் பொரிக்க வேண்டும் என்றார். துரை வெண்ணெயில் வாட்டித்தான் சாப்பிட்டார் என்று சுந்தரலிங்கம் சாதித்தார். ஏரியில் நீந்திக்கொண்டிருந்த மீன்கள் கஹவத்தையில் மூன்று விதமாக வெந்துகொண்டிருந்தன.

இதெல்லாம் அவளுக்கு ஒரு தொந்தரவாகவும் இல்லை. கணவர் குடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை; ஒரு கம்பை வைத்துக்கொண்டு பேசுகிறார். பேசட்டும் என்று இருந்தாள், ஆகஸ்ட் மாத நடுவில் அக்காவின் கடிதம் வரும் வரைக்கும்.

அக்கா இராஜம் ஒஹியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். அவள் புருஷன் காத்தமுத்து தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். இரண்டு நாட்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தத்தின்படி அவர்கள் இந்தியாவுக்கே போய்விடுவதாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். கடிதத்தில் நாலே வரி. பாஸ்போர்ட் வந்துவிட்டது. செப்டம்பர் இருபத்துமூன்றாம் தேதி காலை ரயில். தலைமன்னாரில் கப்பல். முடிந்தால் ஒருதடவை வந்து போ.

அக்காவைப் பார்த்து எட்டு வருடமாகியிருந்தது. சுந்தரலிங்கம் இரண்டாவது கிளாக்கராகி, இந்தக் கோட்டர்ஸுக்குக் குடிவந்த அன்று அக்கா வந்திருந்தாள். பஸ்ஸில் பாதி நாள் நின்றுகொண்டு வந்தவள். இருந்ததில் நல்ல சேலையைத்தான் கட்டியிருந்தாள். அதன் முந்தானையில் கொழுந்துக் கறை. அந்த நேரம் பார்த்துப் பெரிய கிளாக்கர் வீட்டம்மா படியேறி வந்தாள். சீதாலட்சுமி அக்காவின் கையைப் பிடித்து, அவங்க போற வரைக்கும் குசினிப் பக்கம் இருந்துக்கக்கா என்றாள். அக்கா இருந்தாள். வந்தவர்கள் சாப்பிட்ட ஏனங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வரவில்லை.

கடிதத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டு அவள் கணவரிடம் போனாள். ஏரிக்குப் போகிற வேன் ஒஹியா வழியாகத்தானே போகிறது, என்னை அக்கா வீட்டில் இறக்கிவிட்டுப் போங்கள் என்று கேட்டாள். சுந்தரலிங்கம் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். வருகிற போயாவுக்கே போய்விடலாம் என்றார்.

அந்த வருடங்களில் ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். அரசாங்கம் ஞாயிறை ஒதுக்கிவிட்டு, பௌத்தர்களின் புனித நாளான போயாவை வார விடுமுறையாக்கியிருந்தது. பௌர்ணமிக்கு ஒன்று, அமாவாசைக்கு ஒன்று, இரண்டுக்கும் நடுவில் வளர்பிறையிலும் தேய்பிறையிலும் அட்டமியை ஒட்டி ஒவ்வொன்று என்று மாதத்துக்கு நாலு போயா. ஆபீஸும் பள்ளிக்கூடமும் நிலவைப் பார்த்து மூடின. அக்கா போவதற்குள் ஆறு போயா இருந்தது. ஆறில் ஒன்றா கிடைக்காது என்று சீதாலட்சுமி நினைத்தாள்.

முதலில் வந்தது பௌர்ணமிப் போயா. வேனில் போர்வையும் அடுப்பும் ஏற்றியாகிவிட்டது. ஆனால் முதல்நாள் மாலை ஜமால்தீன் தூண்டில் கம்பு நீட்டிக்கொண்டிருந்த கித்தான் பையோடு பஸாரில் நின்றதை ஒரு வாடிக்கையாளர் பார்த்துவிட்டார். பத்து வருடமாக அவர் கடையில் மண்வெட்டி வாங்குகிற குமாரிஹாமி. "முதலாளி, போயா தவசே மாளு மரன்னத யன்னே?" என்று அந்த அம்மாள் கேட்டாளாம். போயா நாளில் மீன் கொல்லவா போகிறீர்கள் என்று, கோபமில்லாமல், வருத்தமாகத்தான் கேட்டாளாம்.

"நம்மட கடைக்கு வாறது முழுக்கச் சிங்கள ஆக்கள்" என்றார் ஜமால்தீன். "பௌர்ணமிக்கு நான் தூண்டிலோட போனா, மறுநாள் ஒரு ஆணிக்கும் ஒருத்தன் வரமாட்டான் ஐயா. இந்தப் போயா மட்டும் வேணாம். மத்தப் போயாவ இவங்க அவ்வளவு பார்க்கிறதில்ல."

அடுப்பையும் போர்வையையும் இறக்கினார்கள். நியாயம்தான் என்று சீதாலட்சுமிக்கும் பட்டது.

அடுத்தது தேய்பிறைப் போயா. மயில்வாகனம் பஞ்சாங்கத்தோடு வந்தார். "தம்பி, இது அட்டமி. அட்டமி நவமியிலை ஒரு பயணத்துக்கும் வெளிக்கிடக் கூடாது. நான் சொல்லேல்லை, பஞ்சாங்கம் சொல்லுது." தியத்தலாவைக்குப் போனதும் அட்டமியில்தானாம், அங்கே அவருக்கு வயிற்றோட்டம் பிடித்ததாம். மருந்து கொடுக்கிறவரே இப்படிச் சொன்ன பிறகு மேலே பேச ஒன்றுமில்லை.

மூன்றாவது அமாவாசை. அன்றைக்குச் சுந்தரலிங்கமே நெற்றி நிறைய விபூதியோடு குறுக்கே நின்றார். அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, அதே கையால் மீனைப் பிடிப்பதா என்றார். சைவமாகவே போய், பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடலாமே, புத்தகத்தில் அப்படியும் எழுதியிருக்கிறது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று அவள் மெதுவாகக் கேட்டாள். அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். மீனைப் பிடிப்பதைவிட விடுவதற்கு அதிகப் பயிற்சி வேண்டுமாம்.

அன்று மத்தியானம் அமாவாசைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏனம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சுவரில் தொங்கிய கலண்டரின் முன்னால் நின்றாள். பௌர்ணமிக்கு ஜமால்தீன். அமாவாசைக்குத் தன் கணவர். இரண்டு அட்டமிக்கும் மயில்வாகனம். இன்னும் இருநூறு வருடம் நிலவு தேய்ந்து வளர்ந்தாலும் இவர்கள் வீட்டுப் படியைத் தாண்டப் போவதில்லை.

மாலையில் தேத்தண்ணியை வைத்துவிட்டு, வழக்கம்போல உள்ளே போகாமல் நின்றாள்.

"மாசத்துல நாலு போயாதான் வருது" என்றாள். "பௌர்ணமி ஜமால்தீன் நானாவுக்கு ஆகாது. அமாவாசை இவங்களுக்கு ஆகாது. மத்த ரெண்டும் பஞ்சாங்கத்துக்கு ஆகாது. அப்ப நீங்க எந்தப் போயாவுல போவீங்க?"

மூவரும் கோப்பையைப் பார்த்தார்கள். நாலு மாதமாகத் திட்டம் போட்டவர்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை என்று அவள் முதலில் நினைத்தாள். பிறகு அவர்களுடைய முகத்தைப் பார்த்தாள். தோன்றாமல் இல்லை.

"நல்ல கேள்வி பிள்ளை" என்றார் மயில்வாகனம் கடைசியில். "அவசரப்படாமல் ஆறுதலா யோசிக்க வேணும்."

"அஞ்சாவது போயா ஒண்டு வைக்கச் சொல்லி மந்திரிக்கு எழுதுவமா?" என்றார் ஜமால்தீன். அவர் ஒருவர்தான் சிரித்தார்.

"திட்டம்னா எல்லாப் பக்கமும் பாக்கணும் சீதா" என்றார் சுந்தரலிங்கம். "சும்மா கெளம்பிப் போறதுக்கு இதென்ன சந்தையா?"

வேலை நாளில் லீவு போடலாமே என்று அன்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்டாள். மீன் பிடிக்கப் போகிறேன் என்று லீவு எழுதினால் புதுத் துரை தன்னைப் பற்றி என்ன நினைப்பார் என்று அவர் கேட்டார். அக்காவைப் பார்க்க என்று எழுதுங்கள் என்றாள். மனைவியின் அக்காவைப் பார்க்க யாராவது லீவு எழுதுவார்களா என்றார். கேள்விக்குக் கேள்வி.

அடுத்த அட்டமிக்கு வேன் பழுதாகிக் கராஜில் இருந்தது. பஞ்சாங்கத்துக்கு வேலையே இல்லை. அதற்கடுத்த பௌர்ணமிக்கு ஒருவரும் ஒரு காரணமும் சொல்லவில்லை, சொல்லத் தேவையிருக்கவில்லை. ஆனால் கூட்டம் மட்டும் தவறாமல் நடந்தது. சொல்லப்போனால் முன்பைவிட உற்சாகமாக நடந்தது. சுந்தரலிங்கம் இப்போது பாவாடையில் மாட்டாமல் வீசப் பழகியிருந்தார். புல்தரையில் ஒரு பேசினை வைத்து, இருபது அடி தள்ளி நின்று ஈயை அதற்குள் விழ வைத்தார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். பேசினுக்குள் தண்ணீர்கூட இல்லை. அவர் முகத்தில் இருந்த நிறைவைப் பார்த்தபோது சீதாலட்சுமிக்கு ஒன்று நிச்சயமாயிற்று. இவர்கள் ஒருநாளும் போகப் போவதில்லை. போனால் குளிரும், வழி தெரியாது, மீன் வராது. வெறுங்கையோடு திரும்பி வந்தால் தோட்டமே கேட்கும். போகாத வரைக்கும் ஏரி நிறைய மீன்.

கையாலாகாத மனிதர்கள் என்று மனதுக்குள் ஏசிக்கொண்டே அவள் அலமாரியைத் திறந்தாள். அக்கா வீட்டுக்குக் கட்டிப் போவதற்காகத் தனியாக எடுத்து வைத்திருந்த மணிப்பூரிச் சேலை மேலேயே இருந்தது. ஒரு மாதமாக அதை அவள் எத்தனை தடவை விரித்து மடித்திருப்பாள் என்று கணக்கில்லை. வேன் அக்கா குடியிருக்கும் லயத்து முற்றத்தில் வந்து நிற்கும். பிள்ளைகள் ஓடி வரும். கதவைத் திறந்து இந்தச் சேலையோடு அவள் இறங்குவாள். அக்கா வாசலில் நின்று பார்ப்பாள். இதுவரைக்கும் திட்டம் பிழையில்லாமல் இருந்தது.

சேலையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். கஹவத்தையிலிருந்து விடியக்காலை ஒரு பஸ் போகிறது. தினமும் போகிறது. போயாவுக்கும் போகிறது, அட்டமிக்கும் போகிறது. கடிதம் வந்த மறுநாளே அதில் ஏறியிருக்கலாம். ஏற வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. கிளாக்கர் வீட்டம்மா கூடையோடு பஸ்ஸில் நெருக்குப்பட்டுக்கொண்டு போவதா என்று சொன்னது யார் என்று யோசித்தால், அந்தக் குரல் அவளுடையதாகவே இருந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் குசினிக்கு வழி காட்டியதும் அதே குரல்தான். முற்றத்தில் பேசினுக்குள் ஈ விழுந்த சத்தமும், சபாஷ் என்று மயில்வாகனம் சொன்னதும் கேட்டது. தானும் இவர்களில் நாலாவது அங்கத்தவர்தான், அவர்கள் இன்னும் சேர்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஆறாவது போயா செப்டம்பர் இருபத்திரண்டு. அட்டமி. மறுநாள் காலை அக்காவின் ரயில்.

விடிவதற்குள் எழுந்து ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, டிபன் கேரியரில் அடைத்தாள். வீட்டில் கட்டுகிற நூல் சேலையைக் கட்டிக்கொண்டாள். அலமாரியிலிருந்த மணிப்பூரியை மடித்துக் கூடையில் வைத்தாள். சுந்தரலிங்கம் பல் துலக்க வெளியே வந்தவர், அவளைப் பார்த்து வாயில் கரியோடு நின்றார்.

"எங்க கெளம்பிட்ட?"

"அக்காவப் பாக்க."

"வேன்தான் சரியாயிடுச்சே. அடுத்த போயாவுக்கு..."

"அக்கா நாளைக்குப் போகுதுங்க."

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். கலண்டரைப் பார்க்க உள்ளே போகத் திரும்பியவர், தேவையில்லை என்று நினைத்திருக்க வேண்டும், நின்றுவிட்டார். "இன்னைக்கு அட்டமி சீதா."

"தெரியும். அட்டமி தூண்டிலுக்குத்தான் பாத்தீங்க. எனக்கு ஒருத்தரும் பாக்கல."

அவர் உள்ளே போய், ஏரிப் பயணத்துக்கென்று வாங்கி நாலு மாதமாகப் பிரிக்காமல் வைத்திருந்த கம்பளிப் போர்வையைக் கொண்டுவந்தார். மேலே குளிருமாம் என்றார். புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தி வரைக்கும் வந்தார். பஸ் வரும்வரை இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் ஏறிய பிறகு ஜன்னல் வழியாக, "பெல்மதுளையில மாறணும்" என்றார். அதற்கு அப்பால் அவருக்குத் தெரிந்த வழி ஒன்றும் இல்லை.

பெல்மதுளையில் மாறினாள். பதுளை பஸ்ஸில் பலாங்கொடை வரைக்கும் நின்றாள். அப்புறம் ஒரு சிங்களப் பெண்மணி நகர்ந்து பாதி இடம் கொடுத்தாள். போயாவுக்கு வெள்ளை உடுத்தியிருந்தாள். எங்கே போகிறாய் என்று விசாரித்து, அக்காவின் கதையைக் கேட்டு, இறங்கும்போது கையிலிருந்த பூவில் இரண்டை அக்காவுக்கென்று கொடுத்துவிட்டுப் போனாள். ஹப்புத்தளையில் ரயில் பிடித்தாள். ஒஹியாவில் இறங்கியபோது மத்தியானம் இரண்டு மணி. முகில் ஸ்டேஷனுக்குள்ளேயே நின்றது. மூன்று வீரர்கள் நாலு மாதமாகக் கண்டுபிடிக்க முடியாத பாதையை, தலையில் விறகு வைத்திருந்த ஒரு பெண் மோவாயால் காட்டிவிட்டுப் போனாள்.

லயத்து முற்றத்தில் பிள்ளைகள் ஒன்றும் ஓடி வரவில்லை. நாய் ஒன்று குரைத்தது. வாசலில் இரண்டு மரப்பெட்டிகள். அவற்றில் வெள்ளைப் பெயின்ட்டால் காத்தமுத்துவின் பெயரும், அவர்களில் யாரும் பார்த்திராத ஓர் ஊரின் பெயரும் எழுதிக் காய வைத்திருந்தது. அக்கா குனிந்து ஒரு சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். தலை பாதி நரைத்திருந்தது.

"பஸ்ஸுலயா வந்த?" என்றாள்.

"பஸ்ஸுலதான் அக்கா."

"நின்னுகிட்டா?"

"பலாங்கொட வரைக்கும்."

அக்கா ஊசியைச் சாக்கில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைச் சேலையால் துடைத்து வாசல் இஸ்தோப்பில் போட்டாள். கிளாக்கர் அம்மா ஒக்காருங்க என்றாள். குத்தலாகச் சொன்னாளா, பழக்கத்தில் சொன்னாளா என்று அவள் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

சீதாலட்சுமி உட்காரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியைத் தாண்டி, தலையைக் குனிந்து குசினிக்குள் போனாள். அடுப்புக்குப் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்தாள். ஈர விறகு, கண்ணைக் கரித்தது. மூலையில் கழுவாத ஏனம் நாலைந்து கிடந்தது. அவற்றை இழுத்து, சாம்பலைத் தொட்டுத் தேய்க்கத் தொடங்கினாள்.

அக்கா குசினி வாசலில் வந்து நின்றாள்.

"பொக அடிக்குது. வெளிய வா."

"இருக்கட்டும்."

"சேல அழுக்காயிரும்டி."

"ஆகட்டும் அக்கா."

அக்கா வந்து எதிரில் குந்தினாள். அவள் தேய்த்துக் கொடுத்ததை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள். நாலைந்து ஏனத்துக்கு அன்றைக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது. புகை இருந்தது வசதியாகப் போயிற்று. இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டதற்கு யாரும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மாலையில் காத்தமுத்து வந்தபிறகு அக்கா சோறு போட்டாள். புளி கரைத்து, நிறைய மிளகாய் போட்ட மீன்குழம்பு. மீன் கையகலம் இருந்தது, மேலே புள்ளி புள்ளியாக. இது என்ன மீன் என்று சீதாலட்சுமி கேட்டாள்.

"தொர மீனு" என்றாள் அக்கா. "மேல ஏரி நெறஞ்சா ஓடையில எறங்கி வரும். பொம்பளைங்க வேல முடிஞ்சு வர்றப்ப சாக்கக் குறுக்கால கட்டினா ரெண்டு மூணு விழும். வாச்சர் கண்டா சத்தம் போடுவான்."

"ட்ரவுட்டா?"

"என்ன எழவோ. முள்ளு கொறச்சல். ருசியும் கொறச்சல். புளி போட்டாத்தான் எறங்குது."

சீதாலட்சுமி சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியவில்லை. பொய் ஈ, பேசின், படத்தில் பாதை இல்லாத மலை, நாலு போயா, எல்லாவற்றையும் சொன்னாள். காத்தமுத்து சோற்றுக் கையோடு சிரித்தார். அக்கா, எட்டு வருடத்துக்கு முந்தின மாதிரியே, சேலையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்தபோது சீதாலட்சுமிக்கு ஒரு கணக்கு ஞாபகம் வந்தது. ஆறு போயா இருந்தது. கிடைத்தது ஒரு மாலை.

காலையில் ஸ்டேஷனில் மணிப்பூரிச் சேலையை எடுத்து அக்காவின் மடியில் வைத்தாள். எதற்கு என்றாள் அக்கா. அங்க போய் எறங்கறப்ப கட்டிக்க என்றாள். அக்கா அதைப் பிரித்துப் பார்க்கவில்லை, பெட்டியிலும் வைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டாள். பூ இரண்டும் வாடியிருந்தன, ஆனாலும் தலையில் வைத்திருந்தாள். ரயில் வந்தது. பெட்டிகளை ஏற்றுகிற அவசரத்தில் சொல்வதற்கென்று வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம், பெட்டியைப் பிடி, பாத்து, கால எடு என்றே போய்விட்டன. ரயில் அசைந்தபோது அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்து, "கேரியர்ல ரெண்டு மீனு வறுத்து வச்சிருக்கேன், அவருக்குக் குடு" என்றாள். அதுதான் கடைசி வார்த்தை.

அந்த இரண்டு மீனையும் சுந்தரலிங்கம் அன்று மாலை சாப்பிடவில்லை. தட்டில் வைத்து, புத்தகத்திலிருந்த படத்தோடு ஒப்பிட்டார். மயில்வாகனத்துக்கும் ஜமால்தீனுக்கும் ஆள் அனுப்பினார். மூவரும் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தார்கள். கடைசியில் ஜமால்தீன் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு, மிளகு காணாது, இன்னும் போடணும் என்றார். எந்த ஈக்கு விழுந்தது என்று மயில்வாகனம் கேட்டார். சாக்குக்கு என்றாள் சீதாலட்சுமி. அந்தப் பதிலை அவர்கள் குறித்துக்கொள்ளவில்லை.

ஆனால் அவளுக்கு அன்றைக்கு ஒரு பதவி கிடைத்தது. மேலே போய்வந்தவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். தேத்தண்ணியை வைத்துவிட்டுத் திரும்பியவளை மயில்வாகனம் உட்காரச் சொன்னார். தாமே நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார். தமது படத்தை மேசையில் விரித்து, பென்சிலைத் தீட்டி வைத்துக்கொண்டார். சுந்தரலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"இப்ப சொல்லு சீதா. ஏரி எப்படி? காத்து எந்தப் பக்கம் அடிக்குது? கரையில நிக்க எடம் இருக்கா?"

"ஏரிய நான் பாக்கல" என்றாள் அவள். "அக்காவத்தான் பாத்தேன்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இவ்வளவு தூரம் போயும் முக்கியமானதைப் பார்க்காமல் வந்திருக்கிறாளே என்று அவர்கள் வருத்தப்பட்டது தெரிந்தது.

"சரி, பாதையாவது?" என்றார் சுந்தரலிங்கம். "பாதை எப்படி?"

"காலையில ஆறு மணிக்குச் சந்தியில பஸ் வருது" என்றாள் சீதாலட்சுமி. "தெனமும் வருது."

காலியான கோப்பைகளை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். மயில்வாகனம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்தார்.